வேலூரில் நாய்க்குட்டி தத்து முகாம்: முதல்முறை நடத்துகிறவர்களுக்கு

பந்தல், நாலு கூண்டு, ஒரு பேனர். இவ்வளவுதான் முகாம் என்று நினைத்து இறங்குகிறவர்கள் அதிகம். சாயங்காலத்துக்குள் எல்லாக் குட்டியும் போய்விட்டால் வெற்றி என்று குரூப்பில் படம் போடுவார்கள். மூன்று மாதம் கழித்து அதில் எத்தனை குட்டி அதே வீட்டில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வேலூரில் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். படிக்க வந்த மாணவர்கள், சிகிச்சைக்காக லாட்ஜில் தங்கியிருப்பவர்கள், 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் என்று ஊரில் பாதிப் பேர் நடமாடிக்கொண்டே இருப்பவர்கள். ஆசையாக வாங்கிப் போய், ஊருக்குக் கிளம்பும்போது தெருவில் விட்டுப்போவது இங்கே எளிது. அதனால் முகாம் நாள் என்பது மொத்த வேலையில் சிறு பங்குதான். முன்னால் மூன்று வாரம், பின்னால் ஆறு மாதம் என்று கணக்கு வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

எப்போது, எங்கே

தெருநாய்கள் மழைக்காலத்தையொட்டி இணைசேரும். 63 நாள் சினை. ஆகவே கார்த்திகையிலிருந்து தை வரைதான் சாக்கடை ஓரத்திலும் கட்டிட மணலிலும் குட்டிகள் அதிகம் கண்ணில் படும். அவற்றுக்கு 8 வாரம் நிரம்புவது தை கடைசி முதல் பங்குனி வரை. முகாமுக்கு அதுதான் சரியான பருவம். சித்திரை, வைகாசியில் வேண்டவே வேண்டாம். 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் பந்தலுக்குக் கீழேகூட 2 மாதக் குட்டி தாங்காது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் கூடாது. புது வீட்டுக்குப் போன குட்டி வெடிச்சத்தத்தில் கதவிடுக்கு வழியே ஓடிவிடும்.

தேதி வைக்கும் முன் காலண்டரைப் பாருங்கள். பெரிய முகூர்த்தம் உள்ள ஞாயிறு என்றால் பாதி ஊர் மண்டபங்களில் இருக்கும். மாசியில் மயானக் கொள்ளை நாளைத் தவிர்த்துவிடுங்கள். பாலாற்றுக்குப் போகும் ஊர்வலத்தில் வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவே வண்டி நகராது. கூட்டம், மேளம், வெடி எல்லாம் சேர்ந்தால் குட்டிகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரும்பாடு.

இடம் என்றதும் எல்லாரும் சொல்வது கோட்டை. கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது, அனுமதிக்கு அலையவேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் மண். தெருநாய்கள் நடமாடும் மண்தரையில், குட்டிகளைக் கொல்லும் வாந்திபேதி நோயான பார்வோவின் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தடுப்பூசி முழுதாக முடியாத குட்டிகளை அந்த மண்ணில் இறக்கிவிடுவது, நோயைக் கையில் கொடுத்து அனுப்புவதற்குச் சமம். பூங்காவுக்கும் இதே கதைதான். சிமெண்ட் அல்லது டைல்ஸ் தரை, மேலே கூரை, அருகில் தண்ணீர்க் குழாய், ஒரே வாசல் ஆகிய நான்கும் இருக்கும் இடமாகப் பாருங்கள். சத்துவாச்சாரி, காந்தி நகர் பக்கத்து அடுக்குமாடிகளின் கார் நிறுத்துமிடம், பள்ளிக்கூட வராந்தா, முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் எல்லாம் நன்றாக அமையும். தனியார் இடம் என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். மாநகராட்சி இடம் என்றால் ஆணையர் பெயருக்கு மனு. மைக் வைப்பதாக இருந்தால் காவல் நிலையத்தில் அனுமதி. மைக் வைக்காமலே இருப்பது குட்டிகளுக்கு நல்லது.

நேரம்: காலை 8 முதல் 11. அதற்குமேல் இழுக்காதீர்கள்.

எந்தக் குட்டியை முகாமுக்குக் கொண்டுவரலாம்

8 வாரத்துக்குக் குறைந்த குட்டி கூடாது. தாயும் கூடப்பிறந்தவையும் இல்லாமல் 5 வாரத்தில் பிரிந்த குட்டி, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் கற்றுக்கொள்வதே இல்லை. பின்னால் “கடிக்குது சார், வந்து எடுத்துக்குங்க” என்று போன் வருவது பெரும்பாலும் இவற்றுக்காகத்தான். பிறந்த தேதி தெரியாதபோது பல்லைப் பாருங்கள். முன்வரிசையில் அரிசி போலச் சின்னப் பல் மட்டும் இருந்து நடை தள்ளாடினால் 5 வாரத்துக்கு உட்பட்டது. பால்பற்கள் 28-ம் வந்திருந்தால் 8 வாரம் ஆகியிருக்கும். முன்பல் விழுந்து அகலமான புதுப்பல் எட்டிப்பார்த்தால் மூன்றரை மாதத்துக்கு மேல்.

முகாமுக்கு 14 நாள் முன்பே குட்டிகளை ஒதுக்கி வையுங்கள். ஒரே தாயின் குட்டிகள் ஒன்றாக இருக்கலாம். வேறு குடும்பத்துக் குட்டியோடு கலக்கக்கூடாது. கடைசி நாளில் யாரோ அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகும் குட்டியையும், பாவம் என்று உள்ளே சேர்க்காதீர்கள். பார்வோ தொற்றினால் வெளியே தெரிய பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும், சில சமயம் இரண்டு வாரம். நேற்றுவரை துள்ளிய குட்டி இன்று வாந்தி, நாற்றமெடுக்கும் ரத்தபேதி என்று படுத்துவிடும். அந்த ஒன்றால் முகாமுக்கு வந்த அத்தனை குட்டியும் ஆபத்தில் மாட்டும்.

குடற்புழு மருந்து 2 வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 12 வாரம் வரை. பிறகு ஆறு மாதம் ஆகும்வரை மாதம் ஒருமுறை. எடைக்கேற்ற அளவு என்பதால் ஒரு தராசு அவசியம்; மளிகைக்கடைத் தராசே போதும். வயிறு மட்டும் உப்பி முதுகெலும்பு தெரியும் குட்டியைப் பார்த்து “நல்லாச் சாப்பிடுது” என்பார்கள். அது புழு.

தடுப்பூசியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். பார்வோ, டிஸ்டெம்பர் உள்ளிட்ட நாய் நோய்களுக்கான கூட்டு ஊசியை, அதாவது மருந்துக்கடைகளில் ‘செவன் இன் ஒன்’, ‘நைன் இன் ஒன்’ என்று சொல்வதை, 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3-4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை போடவேண்டும். ஊசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிடாது. முகாமுக்குக் குறைந்தது 10 நாள் முன்பாவது முதல் ஊசி போட்டிருக்க வேண்டும். வெறிநோய் ஊசி வேறு. அது 3 மாதத்தில். முகாமுக்கு வரும் பெரும்பாலான குட்டிகளுக்கு அது போட்டிருக்கவே முடியாது. “ஊசி போட்டாச்சா?” என்று கேட்பார்கள், நீங்களும் “போட்டாச்சு” என்பீர்கள். அவர்கள் வெறிநோய் ஊசி என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். தடுப்பூசி அட்டையில் “வெறிநோய் ஊசி இன்னும் போடவில்லை, போடவேண்டிய தேதி” என்று சிவப்பு மையில் எழுதி, வாயாலும் சொல்லுங்கள். அரசு கால்நடை மருத்துவமனைகளில் ஜூலை 6, செப்டம்பர் 28 தேதிகளை ஒட்டி இலவச வெறிநோய் ஊசி முகாம்கள் நடப்பது வழக்கம். அதையும் குறித்துக் கொடுக்கலாம்.

முதல் முகாமுக்கு 12 குட்டிக்கு மேல் வேண்டாம். கூடவே ஒன்றிரண்டு வயது நிரம்பிய, கருத்தடை முடிந்த, சாதுவான பெரிய நாய்கள் இரண்டு மூன்று இருக்கட்டும். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வாழும் பெரியவர்கள் குட்டி கேட்டு வருவார்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் கத்தும் குட்டியைவிட அவர்களுக்கு இந்த நாய்கள்தான் பொருந்தும்.

தாயை மறந்துவிடாதீர்கள். குட்டிகளை எடுத்துக்கொண்டு தாயை அப்படியே விட்டால் அடுத்த பருவத்தில் அதே தெருவிலிருந்து இன்னொரு ஆறு குட்டி வரும். பால் வற்றியதும் கருத்தடைக்கு ஏற்பாடு செய்யுங்கள். 2023-ன் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, அறுவை முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே கொண்டுவிட வேண்டும். தெருநாயை முறைப்படி தத்தெடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர் பொறுப்பு என்றும் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-ல் சொல்லியிருக்கிறது. முகாம் பற்றி மாநகராட்சி சுகாதாரப் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுத்து வைத்தால் பின்னால் பேச்சு வராது.

இடத்தை அமைப்பது

முந்தின நாள் மாலையே தரையைக் கழுவுங்கள். பினாயில் போட்டால் வாசம் வரும், பார்வோ சாகாது. டெட்டாலும் அப்படித்தான். பிளீச்சிங் பவுடர்தான் வேலை செய்யும். முதலில் அழுக்கைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்து எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 தேக்கரண்டி பவுடர் கரைத்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே விடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். பாக்கெட் பிரித்து மாதக்கணக்கில் கிடந்த பவுடர் வீரியம் போனது, புதிதாக வாங்குங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினாலும் பயனில்லை.

4 அடிக்கு 4 அடி, இரண்டரை அடி உயரத்தில் வெல்டு மெஷ் தடுப்புகள் போதும். ஒன்றில் மூன்று நான்கு குட்டி. ஒரு குடும்பத்துக் குட்டி மட்டும். அடியில் பழைய செய்தித்தாள் நாலைந்து மடிப்பு. வழுவழுத் தாள், பிளாஸ்டிக் ஷீட் போட்டால் குட்டி வழுக்கி விழும். ஒவ்வொரு தடுப்புக்கும் தனித் தண்ணீர்க் கிண்ணம், தனித் துடைப்புத் துணி. தடுப்புகளுக்கு நடுவே ஒரு ஆள் நடக்க இடம். ஒரு தடுப்பில் தொட்ட கையோடு அடுத்ததைத் தொடக்கூடாது என்பதால் வாசலில் சோப்பும் தண்ணீரும். சானிடைசர் பார்வோவை ஒன்றும் செய்யாது. சோப்பு போட்டுக் கழுவினால்தான் கையில் ஒட்டியது போகும்.

பின்னால் ஒரு திரை கட்டி ஓய்விடம் வையுங்கள். குட்டி 20 நிமிடம் கைகளில் இருந்தால் அரைமணி தூங்கவேண்டும். தூக்கம் கெட்ட குட்டி சிணுங்கும், கடிக்கும். பார்க்க வந்தவர் “இது முரட்டுக் குட்டி” என்று முடிவுகட்டிவிடுவார். கிளம்புவதற்கு இரண்டு மணிநேரம் முன்பு கொஞ்சமாகச் சாதமும் முட்டையும். வயிறு நிறைய வைத்தால் வண்டியில் வாந்தி எடுக்கும். வருகிறவர்கள் பிஸ்கட் பாக்கெட்டோடு வருவார்கள். வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். 12 குட்டிக்கும் பேதி பிடித்தால் எது நோய், எது பிஸ்கட் என்று தெரியாது.

கழுத்தில் நிற ரிப்பனும் எண்ணும். அதே எண் அட்டையிலும், படத்திலும், விண்ணப்பத்திலும் இருக்கவேண்டும். ஒரே தாயின் நாலு செம்பட்டைக் குட்டிகள் கலந்துவிட்டால் எதற்கு எப்போது ஊசி என்ற கணக்கே போச்சு.

சிறுவர்கள் நின்றுகொண்டு குட்டியைத் தூக்கக்கூடாது. தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லி மடியில் வையுங்கள். கை தவறி விழுந்து கால் முறிவதுதான் முகாம்களில் வழக்கமாக நடக்கும் விபத்து.

பல் பட்டாலோ நகம் கீறினாலோ, சின்னதுதானே என்று விடாமல் குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வையுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் வெறிநோய் ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கவிடாதீர்கள். குட்டிகளைத் தினமும் கையாளும் உங்கள் ஆட்கள் டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

வாட்ஸ்அப்பில் போடும் படம்

குட்டியின் கண் மட்டத்தில் குனிந்து, நிழலில் எடுங்கள். மேலிருந்து எடுத்தால் எல்லாக் குட்டியும் எலிபோலத் தெரியும். அளவு தெரிய ஒரு கை படத்தில் இருக்கட்டும். கறுப்புக் குட்டி கறுப்புத் தரையில் வெறும் நிழலாகப் போய்விடும், வெளிர்த்துணி விரியுங்கள். வயது, கடுவனா பெட்டையா, போட்ட ஊசி, வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்று நாலே வரி. ராஜபாளையம் கலப்பு, லாப்ரடார் கலப்பு என்று ஆசை காட்டாதீர்கள். நாட்டு நாய் என்றே எழுதுங்கள். ஆறு மாதத்தில் காது விறைத்து நின்றதும் ஏமாந்ததாக நினைப்பவர் அதைத் தெருவில்தான் விடுவார்.

மேசையில் நடக்கும் பேச்சு

முகாமின் உயிர் இங்கேதான். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வி கேட்காதீர்கள். “நல்லாப் பாத்துப்பீங்களா?” என்றால் யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை.

“குட்டி ராத்திரி எங்க படுக்கும்ணா?” என்று கேளுங்கள். “மாடியில விட்டுருவோம்” என்று வரும். மொட்டை மாடித் தரை சித்திரையில் எப்படிச் சுடும் என்று வேலூர்க்காரருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை, கேட்டதுமே யோசிப்பார். “ஊருக்குப் போனா யார் கிட்ட விடுவீங்க?” “இதுக்கு முன்னாடி வளர்த்த நாய் இப்ப எங்க?” இந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும். “வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டாரா, நாங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?” என்பதற்கு முகம் மாறினால் குட்டியைக் கொடுக்காதீர்கள். வீட்டில் உள்ள எல்லாரும் வந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டு, அம்மாவுக்கு விருப்பமில்லாமல் போகும் குட்டிக்குச் சோறு வைக்கப்போவது அந்த அம்மாதான்.

கல்லூரி மாணவர்கள் குட்டி கேட்டு நிறையப் பேர் வருவார்கள். அன்பில் குறையில்லை, அடுத்த மே மாதம் எங்கே இருப்பார்கள் என்பதுதான் கேள்வி. தத்துக் கொடுக்காமல் வேறு வேலை கொடுங்கள்: முகாமுக்கு முன் இரண்டு வாரம் குட்டியைத் தற்காலிகமாக வைத்துக்கொள்வது, படம் எடுப்பது, பின்னால் போன் செய்து விசாரிப்பது. இதற்கு அவர்களைவிட நல்ல ஆட்கள் கிடைக்கமாட்டார்கள்.

அணைக்கட்டு, கணியம்பாடி, கே.வி. குப்பம் பக்கத்திலிருந்து “கொல்லைக்குக் காவலா ஒண்ணு குடுப்பா” என்று வருகிறவர்களை நகரத்து ஆர்வலர்கள் முகத்தில் அடித்தாற்போலத் திருப்பி அனுப்புவதுண்டு. அது தவறு. மோட்டார் கொட்டாயில் குடும்பமே குடியிருந்தால், சுற்றித்திரிய இடமும் நாள்முழுக்க ஆள் துணையும் கிடைக்கும். பூட்டிய அடுக்குமாடி வீட்டைவிட அது மேல். சாயங்காலம் மோட்டார் போட மட்டும் போய்வருகிறவர் என்றால் இரண்டு மாதக் குட்டி அங்கே பிழைக்காது. குடியாத்தம், பேரணாம்பட்டு காட்டோர ஊர்களில் சிறுத்தை நடமாட்டமும் உண்டு. ராத்திரி உள்ளே கட்டுவார்களா என்று கேளுங்கள்.

“கடுவன் குட்டி இருக்கா?” என்பதுதான் முகாமில் அதிகம் கேட்கும் குரல். பெட்டைக் குட்டிகளும் கறுப்புக் குட்டிகளும் கடைசிவரை நிற்கும். அவற்றை வாசலுக்கு நேரான தடுப்பில் வையுங்கள். பெட்டை என்றால் வருடத்துக்கு இரண்டுமுறை தொல்லை என்பதே அவர்கள் கவலை. ஆறு மாத வாக்கில் கருத்தடை செய்துவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை, எந்த டாக்டரிடம் எந்த மாதம் என்று நாங்களே ஏற்பாடு செய்கிறோம் என்று சொல்லிப்பாருங்கள். பாதிப் பேர் மனம் மாறுவார்கள்.

குட்டிக்கு விலை வாங்காதீர்கள். வியாபாரம் என்று பேர் வந்துவிடும். கருத்தடைக்கான முன்பணமாக 1,000 ரூபாய் போல வாங்கி ரசீது கொடுத்து, அறுவை முடிந்ததும் திருப்பித் தரலாம். ஆதார் நகல், வீட்டு முகவரி, இரண்டு போன் எண் வாங்குங்கள். விண்ணப்பத்தில் “வளர்க்க முடியாவிட்டால் எங்களிடமே திருப்பித் தருவேன், வேறு எவருக்கும் கொடுக்கவோ வெளியில் விடவோ மாட்டேன்” என்ற வரி பெரிய எழுத்தில் இருக்கட்டும். வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960-ன் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் அதன் கீழே அச்சிடலாம்.

அன்றே கொடுப்பதா? வீட்டைப் பார்த்துவிட்டு மறுநாளோ அடுத்த நாளோ கொண்டுபோய்க் கொடுப்பதே எங்கள் பரிந்துரை. இரண்டு நாள் காத்திருக்க முடியாதவர் பத்து வருஷம் வளர்ப்பது சந்தேகம். மறுக்கவேண்டி வந்தால் கூட்டத்தில் வைத்துக் காரணம் சொல்லாதீர்கள். “வீட்டைப் பார்த்துட்டு போன் பண்றோம்க்கா” என்றால் போதும்.

கொடுக்கும்போதும் அதற்குப் பிறகும்

குட்டியோடு தடுப்பூசி அட்டை, இதுவரை தின்ற அதே சாப்பாடு மூன்று நாளைக்கு, கூடப்பிறந்தவற்றோடு படுத்திருந்த துணியில் ஒரு கிழிசல். முதல் இரண்டு மூன்று ராத்திரி அழும். அந்தத் துணியை அருகில் போட்டால் கொஞ்சம் அடங்கும். நாளைக்கு நாலு வேளை சிறு சிறு அளவாகச் சாப்பாடு. மாட்டுப்பால் பல குட்டிகளுக்குப் பேதியாகும், தயிர்சாதம் பரவாயில்லை. வெங்காயம், திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு கூடாது. காய்ச்சல் என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடுவார்கள், அது நாய்க்கு விஷம். தடுப்பூசி முழுதாக முடியும்வரை தெருவில் இறக்கி நடத்தக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்லுங்கள்.

மறுநாள், 3-ம் நாள், 7-ம் நாள், ஒரு மாதம் என்று போன் செய்ய ஒருவரை நியமியுங்கள். “எப்படி இருக்கு?” என்றால் “சூப்பர்” என்பார்கள். “இன்னிக்குக் காலையில என்ன தின்னுச்சு, வெளிக்கு எப்படிப் போச்சு?” என்று கேளுங்கள். ஒரு குட்டிக்கு வாந்திபேதி என்று தெரிந்தால் அன்றே அதன் கூடப்பிறந்தவற்றையும், முகாமில் பக்கத்துத் தடுப்பில் இருந்தவற்றையும் வாங்கியவர்கள் எல்லாரையும் அழைத்துச் சொல்லவேண்டும். பெயர் கெட்டுவிடும் என்று இதைத்தான் பலர் செய்வதில்லை. ஒருநாள் முன்னால் டாக்டரிடம் போய் டிரிப் ஏற்றினால் பிழைக்கும் குட்டி, அந்த ஒருநாள் தாமதத்தில் போய்விடும்.

திரும்பி வரும் குட்டிக்காக ஒரு இடம் எப்போதும் காலியாக வையுங்கள். கொண்டுவந்தவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்தவர் உங்களிடம் கொண்டுவரமாட்டார், பாலாற்றங்கரையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஏன் திரும்பி வந்தது என்று விண்ணப்பத்தின் பின்புறம் எழுதி, அந்தக் குட்டியை மறுபடி 14 நாள் தனியாக வைத்துப் பிறகுதான் மற்றவற்றோடு சேர்க்கவேண்டும்.

ஐந்தாவது மாதம் முடியும்போது கருத்தடைக்கான நாள் குறித்துப் போன் செய்யுங்கள். முன்பணம் போனால் போகட்டும் என்று இருக்கும் வீடுகளுக்கு நேரில் போங்கள். வண்டி வசதி இல்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். காலையில் வெறும் வயிற்றோடு நாயை எடுத்துப்போய் சாயங்காலம் வீட்டில் விட ஒரு ஆள் ஏற்பாடு செய்தால் வேலை முடிந்தது.